கணக்கெடுப்பாளரின் கடிகாரப்படி

மடக்கு நாற்காலியை விரித்த பிறகும் உடனே உட்கார மாட்டார். கையால் ஒருமுறை அழுத்திப் பார்ப்பார். நான்கு கால்களும் தரையில் பதிந்தாக வேண்டும். தெருமுனைக் கம்பத்தில் தாமே ஒட்டிய அறிவிப்பைக் கைக்குட்டையால் துடைப்பார். பிறகு இடது மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்ப்பார். முள் சரியாக ஆறில் வந்து நிற்கும்போதுதான் உட்காருவார். அதற்கு முன்னால் அந்தத் தெருவில் ஓர் ஊர்வலமே போனாலும் அவருக்கு அக்கறை இல்லை.

மாநகராட்சியின் சாலைப் பிரிவில் அவர் கணக்கெடுப்பாளர். வரைபடத்தில் மட்டும் தெருவாக இருந்து, தாரும் விளக்கும் காணாமல் கிடக்கும் நிலத்தை அக்கம்பக்கத்துக்காரர் யாராவது கேட்டால், கொடுத்துவிடலாமா என்று நகரம் யோசிக்கும். யோசிப்பதற்கு முன்னால் இவரை அனுப்பும். மூன்று நாள், காலை ஆறு முதல் மாலை ஆறு வரை, ஒரு முனையில் உட்கார்ந்து, தெருவை முழுவதும் கடக்கிறவர்களுக்கு ஆளுக்கொரு கோடு போட வேண்டும். ஒரே ஒரு கோடு விழுந்தாலும் போதும், தெரு தெருவாகவே இருக்கும். ஒன்றும் விழாவிட்டால் போயிற்று. படிவத்தின் அடியில் 'நேரம்: கணக்கெடுப்பாளரின் கடிகாரப்படி' என்று ஒரு வரி உண்டு. அந்த வரிக்கு மரியாதை செய்வதற்காக இருபத்தாறு வருடமாகத் தினமும் காலையில் வானொலிச் செய்தியைக் கேட்டுக் கடிகாரத்தைச் சரிபார்க்கிறார். செய்தி என்ன என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.

தெருவில் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்த்தால் ஜனங்களுக்குக் கற்பனை பிய்த்துக்கொண்டு போகும். கல்யாணத் தரகர் என்று நினைத்துப் பெண்ணின் படிப்பு விவரம் சொல்லிவிட்டுப் போனவர்கள் உண்டு. மப்டி போலீஸ் என்று கும்பிட்டவர்களும் உண்டு. அவர் எதையும் மறுக்க மாட்டார். கணக்கெடுப்பாளர் தாமாகப் போய் யாரிடமும் விஷயத்தைச் சொல்லக் கூடாது, யாரையும் நடக்கச் சொல்லவும் கூடாது என்பது விதி. மதியம்வரை அரை டம்ளர் தண்ணீர்தான் குடிப்பார்; ஏன் என்று கேட்பவர்களை முறைப்பார். நாய், பூனைகளுக்குப் படிவத்தில் கட்டம் இல்லாதது அவருக்கு நீண்டநாள் வருத்தம். அதனால் அவற்றைத் தாளின் பின்பக்கத்தில் தனியாகக் குறித்துக்கொள்வார். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் வாசல் பக்கமே உட்காருவார். சாப்பாடு பரிமாறும் நேரத்தில் மச்சான் வந்து, "மாமா, எத்தனை தலை?" என்று கேட்டால் போதும், "இருநூத்திப் பதினாலு. கைக்குழந்தை ஆறு, அது தனி" என்று பதில் வரும்.

அலுவலகத்தில் அவருக்கு 'ஆறு மணி' என்று பட்டப்பெயர். சில வருடங்களுக்கு முன் வேறொரு சந்தில் மூன்றாம் நாள் மாலை, ஒரு முதியவர் பால் தூக்குடன் தள்ளாடித் தள்ளாடி வந்து முனையைத் தொட்டபோது மணி ஆறு இரண்டு. இவர் கோடு போடவில்லை. பட்டப்பெயரை முதலில் வைத்தவர்கள் சிரித்தார்கள். அவரும் ஒப்புக்குச் சிரித்தார். இன்று அந்த இடத்தில் சுவர் நிற்கிறது. வீட்டுக்குப் போகும் பேருந்து அந்தச் சுவரைத் தாண்டித்தான் போகிறது. அந்த இடம் வரும்போது அவர் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொள்வார்.

இந்த முறை அவருக்கு வாய்த்தது இருநூறு தப்படி நீளமுள்ள தெரு. ஒருபக்கம் குடோன் சுவர், மறுபக்கம் வீடுகளின் முதுகு. கேட்டிருப்பது குடோன்காரர். தரை முழுக்க முழங்கால் உயரப் புல். முதல் நாளே அவர் கண்ணில் பட்டது அந்தப் புல்லின் நடுவே போகும் ஒற்றையடித் தடம். ஒரு கல்லருகே சற்று வளைந்து, மறுபடி நேராகி, முனைக்கு முனை ஓடியது. யாரோ ஒருவர், ஒரே ஒருவர், வருடக்கணக்கில் நடந்தால்தான் அப்படித் தேயும். ஆனால் முதல் நாள் முழுவதும் யாரும் வரவில்லை. தடத்துக்கும் படிவத்தில் கட்டம் இல்லை. பின்பக்கத்தில் 'நாய் 3, பூனை 1' என்று மட்டும் எழுதினார்.

இரண்டாம் நாள், முனையிலிருந்த தையல்கடையின் பின்கதவு திறந்தது. தையல்காரர் கழுத்தில் அளவு டேப்புடன் வந்து நின்றார்.

"என்ன சார், ரெண்டு நாளா தவமா?"

இவர் சிரித்து வைத்தார்.

"இங்க யாரு சார் வரப்போறா? நடக்கறது ஒரே ஒரு ஆளுதான். அந்தக் கோடி வீட்டு அக்கா. இந்தப் பக்கம் இருக்கே ஆஸ்பத்திரி, அதுல துணி வெளுக்கற வேலை. பாவம், மாடிப்படியில வழுக்கி, கால் உடைஞ்சு பத்து நாளா படுத்திருக்கு."

இவருடைய பென்சில் நின்றது.

"பெரிய ரோடு வழியா ஆட்டோல கூட வராது சார் அது. வீட்டுக்காரர் அங்கதான் லாரியில அடிபட்டுப் போனாரு. அந்த ரோட்டுல காலே வெக்காது. இந்த வழி இருக்கறதாலதான் வேலைக்கே போகுது."

இருபத்தாறு வருடத்தில் அவருக்கு அப்படி வாய் துறுதுறுத்ததே இல்லை. சொல்லக் கூடாது. எழுந்தார். நாற்காலி அறிவிப்பை மறைத்துக்கொண்டிருந்தது போல அதைத் தூக்கித் தள்ளிப் போட்டார். கைக்குட்டையை எடுத்து, காலையில் துடைத்த அதே அறிவிப்பை மேலிருந்து கீழ்வரை மெதுவாகத் துடைத்தார். துடைத்துவிட்டு அங்கிருந்து விலகி நின்றார்.

தையல்காரர் கூர்மையான ஆள். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார்: மூன்று நாளில் யாரும் கடக்காவிட்டால் தெரு குடோனுக்கு. படித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது.

"நான் வேணா அந்தக் கோடி வரைக்கும் போய்ட்டு வரட்டா சார்?"

"எங்க போறீங்க?"

"சும்மாதான்."

"எங்கிருந்து, எங்க, என்ன வேலையான்னு எழுதணும். சும்மாவுக்குக் கட்டம் இல்லீங்க."

தையல்காரர் உள்ளே போனார்.

அன்று இரவு வீட்டில் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். மனைவி விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

"ஒரே ஒரு கோடுதானேங்க. போட்டுட்டு வந்தா யாரு கேக்கப் போறா?"

"இல்லாத ஆளுக்கு ஒரு கோடு போட்டேன்னா, இத்தனை வருஷம் இருந்த ஆளுங்களுக்குப் போட்டதும் பொய்யாயிடும்."

"அப்ப அந்தப் பொம்பளை?"

அவர் சோற்றை ஒதுக்கினார். தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்துவிட்டார்.

மூன்றாம் நாள் தையல்கடையின் பின்கதவு திறக்கவே இல்லை. மதியம் ஒரு நாய் வந்தது. சாயங்காலம் ஐந்தேகாலுக்கு குடோன் சூப்பர்வைசர் கையில் கோப்புடன் வந்து சுவரில் சாய்ந்து நின்றார். "ஆறு மணிக்கு டாண்ணு முடிச்சிடுவீங்கன்னு கேள்விப்பட்டேன் சார்" என்றார். அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

ஐந்தரைக்கு எதிர் முனையில் புல் அசைந்தது. நான்கு கால் வாக்கர் ஒன்று முதலில் வந்தது, அதன் பின்னால் மாவுக்கட்டுப் போட்ட ஒரு கால். ஐம்பது வயதிருக்கும் அந்தப் பெண்ணுக்கு. வாக்கரின் கம்பியோடு சேர்த்து ஒரு கடித உறையைப் பிடித்திருந்தாள். இரண்டடி தள்ளித் தையல்காரர் வந்துகொண்டிருந்தார்; துணைக்கு வருகிறவருக்கும் படிவத்தில் கட்டம் இல்லை.

"பிடிச்சுக்கறேன் அக்கா."

"வேணாம். விடுங்க. என் லீவு லெட்டர், நானே குடுத்துக்கறேன்."

வாக்கரைத் தூக்கி வைப்பாள், கட்டுக் காலை இழுப்பாள், நின்று மூச்சு வாங்குவாள். தடம் ஒரு காலுக்குத்தான் இருந்தது. வாக்கரின் கால்கள் இரண்டுபக்கமும் புல்லில் சிக்கின. கல் இருந்த வளைவில் வெகுநேரம் நின்றுவிட்டாள். தலையை நிமிர்த்தி, இன்னும் எவ்வளவு தூரம் என்று பார்த்தாள். மறுபடி வாக்கரைத் தூக்கி வைத்தாள்.

இவர் எழுந்து நின்றிருந்தார். ஓடிப்போய் ஒரு கை கொடுக்கலாம் என்று உடம்பு பதறியது. தொட்டால் அது அவள் நடந்த கணக்கில் வராது. கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து ஐம்பத்தேழு. இன்னும் நாற்பது தப்படி.

ஒரு தப்படிக்கு அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அவர் மனம் தன்னால் கணக்குப் போட்டது. பழக்கதோஷம். ஆறு மணிக்குள் வர முடியாது. பால் தூக்கோடு வந்த முதியவரின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. அந்த முகத்தில் கோபம் இருக்கவில்லை. 'பரவாயில்ல தம்பி' என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்.

சூப்பர்வைசர் சுவரை விட்டு நிமிர்ந்தார். கோப்பைத் திறந்தார்.

"சார், மணி என்ன ஆச்சு உங்க வாட்ச்ல?"

அவர் அந்தப் பெண்ணின் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வலது கையால் தடவி, இடது மணிக்கட்டின் வாரை அவிழ்த்தார். வெயில் படாத தோல் பட்டையாக வெளுத்துக் கிடந்தது. கடிகாரத்தைக் காலி டிபன் டப்பாவுக்குள் வைத்து மூடியை அழுத்தினார். பிறகு படிவத்தை எடுத்து, பென்சில் முனையைத் தாளில் ஊன்றிக்கொண்டு, அவள் வந்து சேருவதற்காகக் காத்திருந்தார்.