அக்காவை உட்கார வைத்தேன்

எழுபதுகளின் கடைசியில் அக்காவின் கை ஒடிந்தது. உப்பளம் என்கிற எங்கள் பேட்டையில், வீட்டுக் குழாயடியில் வழுக்கி, கையை ஊன்றினாள். அவ்வளவுதான். அப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது, மில்லில் நூல் சுற்றும் வேலை. அப்பா அம்மா போன பிறகு என்னைப் படிக்கவைத்துக் கல்யாணமும் செய்துவைத்தவள், தன் கல்யாணத்தை மறந்தே போனாள்.

எங்கள் குடும்ப டாக்டர் பிரெஞ்சுக்காரர் காலத்தில் படித்தவர். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"கர்ப்பப்பையோட சினைப்பையும் எடுத்தாங்களே, அப்ப இன்னா வயசும்மா?"

முப்பத்தெட்டு என்றாள் அக்கா.

"அப்பவே ஆரம்பிச்சிருக்கும். எலும்பு தேய்மானம்மா இது. இல்லன்னா இப்படி லேசா வுழுந்ததுக்கு கை ஒடியாது."

மாவுக்கட்டுக்குச் சாமான் வாங்கிவர என்னை மருந்துக்கடைக்கு அனுப்பிவிட்டார். மீதியை அக்கா மட்டும்தான் கேட்டாள்.

வீட்டுக்கு வந்து ஒப்பித்தாள். "தெனம் பால் குடிக்கணுமாம். கேவுரு, கீரை, நெத்திலி எல்லாம் துன்னணுமாம். மாத்திரைய வுடக் கூடாதாம். அப்புறம் காலைல வெயில்ல நல்லா நடக்கணுமாம்டா. கட்டு பிரிச்சதும் வேலைக்கும் போலாமாம்."

"நடக்கணுமா? தேஞ்சதப் போட்டு இன்னும் தேய்க்கச் சொல்றாரா? அவருக்கு வயசாயிடுச்சி" என்றேன்.

நான் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. நாலு எழுத்து படித்த திமிர். நடந்தால் செருப்பு தேயும், அரைத்தால் அம்மி தேயும், எலும்பு மட்டும் விதிவிலக்கா என்பது என் வாதம். டாக்டரிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தேய்மானம் என்ற சொல்லின் அர்த்தம் எனக்குத்தான் தெரியுமே, கேட்பானேன்?

மில் வேலையை விடச் சொன்னேன். நல்ல சாய்வு நாற்காலி ஒன்று வாங்கிப்போட்டேன். தண்ணீர்க் குடத்தை அவள் தொடக் கூடாது, மார்க்கெட்டுக்குப் போகக் கூடாது.

"தெருமுனை வரைக்குமாவது போயிட்டு வரேன்டா."

"ஒக்காருக்கா. வுழுந்து வைக்காத."

உட்கார்ந்துகொண்டாள். வாழ்நாளில் முதல்முறையாக ஒருவன் தன்னைத் தாங்குகிறான் என்ற சந்தோஷம் அவளுக்கு இருந்தது. அதை நான் பார்த்தேன். கூடப்பிறந்தவளை ராணி மாதிரி வைத்திருக்கிறான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இன்று நினைத்தால் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

இப்படி நாலு வருஷம். பாலும் மாத்திரையும் தவறவில்லை. பழைய சீட்டைக் காட்டி நானே வாங்கிவந்துவிடுவேன், கட்டு பிரித்த பிறகு அவளை டாக்டரிடம் அழைத்துப் போனதில்லை. அவளுக்கு முதுகு வளைந்தது. புடவை தரையில் புரண்டது. குள்ளமாகிவிட்டாள் என்பதை என் மனைவிதான் முதலில் கவனித்தாள். இருமினால் முதுகைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவாள்.

என் மகளுக்கு அம்மை போட்டபோது டாக்டர் வீட்டுக்கு வந்தார். அக்காவைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"எழுந்து நாலடி வாம்மா, பாப்போம்."

மூன்றாவது அடியில் அவளுக்குக் கால் வெடவெடவென்று ஆடியது.

"ஏம்மா நடக்கல? அவ்ளோ சொன்னனே! பாரம் தாங்கினாத்தான் எலும்பு கெட்டிப்படும். ஒக்காந்தா கரைஞ்சி பூடும். செருப்பா அது, நடந்து தேயறதுக்கு?"

நான் வாயைத் திறந்தேன். அக்கா முந்திக்கொண்டாள்.

"எனக்குத்தான் சோம்பேறித்தனம் டாக்டர். தம்பி தெனம் நடக்கத்தான் சொல்லுது. நாந்தான் கேக்கல."

சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். டாக்டர் அவளை இன்னும் கொஞ்சம் திட்டினார். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து கையைப் பிடித்து நடக்கவைத்தேன். வாசல்வரை, அப்புறம் பக்கத்து வீடுவரை. இரண்டு வாரம் ஆகியிருக்கும். ஒரு காலை, கட்டிலிலிருந்து எழுந்து நின்றவளுக்கு விழாமலேயே தொடை எலும்பு முறிந்தது. அந்தச் சத்தத்தை நான் அடுத்த அறையில் கேட்டேன். ஆஸ்பத்திரியில் காலுக்கு எடை கட்டித் தொங்கவிட்டார்கள். கம்பி வைத்தால் இந்த எலும்பில் நிற்காது என்று சொல்லி, கடைசியில் வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். படுத்தவள் எழவில்லை. மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, ஐந்தே நாளில் போய்விட்டாள்.

டாக்டர் வந்து நாடி பார்த்துவிட்டு வெளியே வந்தார். என் தோளில் கை வைத்தார்.

"நீ இன்னாப்பா பண்ணுவ? நீ நடக்கத்தான் சொன்ன. அவங்க சொன்ன பேச்சக் கேக்கல."

"ஆமா டாக்டர்" என்றேன்.