மட்டமாக வெட்டிய நீலப்பூ வரிசை

“...அப்ப வகுப்புல எல்லாரும் சிரிச்சிட்டாங்க மச்சான். சார் மட்டும் சிரிக்கல. என் கையைப் புடிச்சு நிறுத்தி, ‘ஐயோ, இது தேயிலை இல்லப்பா’ன்னாரு.”

என் மனைவியின் தம்பி இதைச் சொன்னது, ஹோட்டலின் முன்வாசலில் நாங்கள் இரண்டு பேரும் பால் விடாத பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது. இறம்பொடைக்கு மேலே, தோட்டத் துரை இருந்த பழைய பங்களா ஒன்றை ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். அங்கே பூச்செடிகளையும் புல்தரையையும் பார்த்துக்கொள்வது நாங்கள்தான். அதற்கு முன்னால் இரண்டு பேரும் தேயிலையில் கவ்வாத்து வெட்டியவர்கள். வளர்ந்த செடியை முழங்கால் உயரத்துக்கு ஒரே மட்டமாக வெட்டி இறக்குகிற வேலை அது. கொஞ்சம் மேடு பள்ளம் தெரிந்தாலும் கங்காணி வாய்க்கு வந்தபடி ஏசுவார்.

ஹோட்டலுக்கு நான்தான் முதலில் வந்தேன். மச்சினனை உள்ளே சேர்த்துவிட்டதும் நான்தான். ஆனால் நுவரெலியாவில் பூந்தோட்டம் அமைக்கிற பயிற்சி வகுப்புக்கு ஒருவரை அனுப்பலாம் என்று வந்தபோது, மெனேஜர் அவனைக் கூப்பிட்டார். ஓலெவல் பரீட்சை பாஸ் பண்ணியிருக்க வேண்டுமாம். நான் எட்டோடு நின்றவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் போகிற வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பிடுங்கிக்கொண்டது.

அவன் வகுப்புக்குப் போகிற சனிக்கிழமை விடிந்தால் என் வீட்டில்தான் கல்யாணக் களை. மனைவி தம்பியின் சட்டையை இஸ்திரி போட்டு வைப்பாள். ரொட்டியும் சம்பலும் கட்டிக் கொடுப்பாள். என் சட்டை கொடியில் கசங்கிக் கிடக்கும்.

“என்னங்க, மூஞ்சி உப்பு பத்தாத கொழம்பு மாதிரி இருக்கு?” என்பாள்.

“ஒன்னுமில்ல.”

“ஒன்னுமில்லாததுக்கா கதவ அந்த அடி அடிச்சீங்க?”

இந்த மாதிரி பேச்சுக்காகவே அவளைக் கட்டிக்கொண்டேன் என்று நான் ஊரெல்லாம் சொல்வதுண்டு. அந்த மாதங்களில் மட்டும் அது ருசிக்கவில்லை.

அவன் ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒன்றோடு திரும்பி வந்தான். மண்ணை உள்ளங்கையில் பிசைந்து பார்த்து, தண்ணீர் நிற்குமா வடியுமா என்றான். பாத்தியை நேராக வெட்டாமல் வளைத்து வெட்டினால் சின்ன இடமும் பெரிதாகத் தெரியும் என்று ஒரு குச்சியால் தரையில் கோடு போட்டுக் காட்டினான். விருந்தாளிகள் இப்போது செடியின் பெயரை அவனிடம்தான் கேட்டார்கள். நாங்கள் வாய்க்கு வந்தபடி நீலப்பூ என்று சொல்லி வந்த செடியை அவன் ஹைட்ரேஞ்சியா என்றான். அந்தப் பெயரைத் தேயிலை மலைப்பக்கம் தனியாகப் போய்ச் சொல்லிப் பார்த்தேன். என் நாக்கில் அது புரளவேயில்லை.

அந்த நீலப்பூவில்தான் என் வயிற்றெரிச்சல் முழுவதும் இருந்தது. கேட்டிலிருந்து வாசல்படி வரைக்கும் போகிற வரிசை அது. ஒடித்த குச்சிகளை நட்டு நானே உண்டாக்கியது. செடி தளதளவென்று நிற்கும். பூ மட்டும் அங்கொன்று இங்கொன்று. பனி கருக்கிவிட்டது என்பேன், மண் சரியில்லை என்பேன். விருந்தாளிகள் குவிகிற இந்த ஏப்ரல் சீசனுக்கும் பூக்காவிட்டால் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புல் பதிக்கப் போவதாக மெனேஜர் சொல்லியிருந்தார்.

“வகுப்புல எந்தச் செடிய வெட்டுன?” என்று பிளேன்டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டேன்.

“இதேதான் மச்சான். கத்தரிக்கோலைக் கையில குடுத்தாங்க. நான் பாட்டுக்குக் கவ்வாத்து மாதிரி ஒரே மட்டமா எறக்கிட்டேன். போன வருசத்துத் தண்டு நுனியிலதான் இந்த வருசத்துப் பூ இருக்காம். அதத்தான் நான் வெட்டி எறிஞ்சிருக்கேன்.”

பிளேன்டீயைக் கீழே வைத்தேன். சீசனுக்கு முன்னால் வரிசை அழகாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு தை மாதமும் ஒரே மட்டமாக வெட்டி வந்தவன் நான். கயிறு கட்டி வெட்டுவேன். அன்றைக்கும் வெட்டத்தான் கத்தரிக்கோலைத் தீட்டி வைத்திருந்தேன்.

அவன் செய்த தப்பின் மேல்கூட எனக்குப் பொறாமை வந்தது. ஒரே செடியோடு அவன் கையைப் பிடித்து நிறுத்த ஒருவர் இருந்தார். நான் வரிசை வரிசையாக வெட்டினேன், என்னை யார் நிறுத்தினார்கள்?

அந்த நேரம் பார்த்து மெனேஜர் வந்தார். என்னைத் தாண்டிப் போய் அவனிடம் சிங்களத்தில் கேட்டார்: படித்திருக்கிறாயே, இது ஏன் பூக்கவில்லை, சொல்லு.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யார் வெட்டியது என்று அவன் சொல்லிவிட்டால் அந்த வரிசையோடு என் பெயரும் போய்விடும்.

வெட்டின காலம் பிழை என்றான் அவன். தேயிலை வெட்டின கை, நாங்கள் இரண்டு பேரும் அப்படித்தான் வெட்டினோம் என்றான். இந்த முறை வெட்டாமல் விட்டால் பூக்கும், பிடுங்க வேண்டாம் என்றான். அந்த வரிசையில் ஒரு நாளும் கத்தி வைக்காதவன் அவன். இவ்வளவு பெரிய மனதையும் அந்த வகுப்பிலேயே கற்றுக்கொண்டானா என்று அதற்கும் எரிந்தது.

மெனேஜர் யோசித்தார். சரி, பிடுங்கவில்லை, ஆனால் இனி இந்த வரிசை உன் பொறுப்பு என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வரிசை பிழைத்தது. என் கையை விட்டும் போனது.

“காஞ்ச பூவ மட்டும் எடுக்கணும் மச்சான்” என்றான் அவன், என் முகத்தைப் பார்க்காமல். “கீழ தடிப்பா ரெண்டு மொட்டு இருக்கும். அதுக்கு மேல வெட்டணும்.”

“ஒன் வரிசை. நீயே வெட்டு மாப்ள.”

அவன் என் கத்தரிக்கோலைத் தொடாமல் தன்னுடையதை எடுத்துக்கொண்டான். வாசல்படியோரம் என் காலடியில் நின்ற முதல் செடியைத் தாண்டினான், அடுத்ததையும் தாண்டினான், என் பக்கத்தை எனக்கே விட்டுவிட்டு வரிசை முழுவதையும் தாண்டிக் கேட் வரைக்கும் போய், அந்தக் கடைசிச் செடியிலிருந்து என்னை நோக்கி வெட்டிக்கொண்டு வர ஆரம்பித்தான்.