அக்காவோட விருதை வாங்கப் போன நாள்

அக்கா ஆடி மாசம் காய்ச்சல்ல போயிட்டா. அதுக்கப்பறம் அவ போட்டோவை பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டினது நான்தான். அவ மூஞ்சியப் பார்க்க என்னால முடியலீங்க. அம்மா தெனமும் கேட்கும், "சாவியக் குடு அம்மணி, ஒருக்கா பார்த்துட்டு வெச்சுப்போடறேன்." நாளைக்குத் தாரேன், நாளைக்குத் தாரேன்னே ஓட்டிட்டு இருந்தேன்.

அப்பத்தான் டிவிக்காரங்க போன் பண்ணினாங்க. மத்தியான சீரியல்ல கேமராவுக்குப் பொறகால வேலை செஞ்சவங்களுக்கு விருது குடுக்கறாங்களாம். நடிக்கறவங்களுக்குச் சீலை கட்டி உடறதுக்கு எங்க அக்காவுக்காம். நான் வந்து வாங்கிக்கோணும், அவளப் பத்தி வீடியோவும் போடுவோம்னாங்க. ஸ்பீக்கர்ல அம்மா கேட்டுருச்சு.

"பெரிய ஸ்கிரீன்ல என்ற புள்ளை மூஞ்சி வருமா?"

இதுக்கு மேல நான் எப்படீங்க வரலைன்னு சொல்றது?

கிணத்துக்கடவு தாண்டி ஒரு தென்னந்தோப்பு பங்களாவுலதான் அந்தச் சீரியல் எடுப்பாங்க. ராத்திரி சீரியலுக்கு பீரோ பீரோவாச் சீலை வரும். மத்தியான சீரியலுக்கு ஒரே பெட்டி. அந்தப் பெட்டிய வெச்சு அக்கா மாசக்கணக்கா ஓட்டுவா. உள்பக்கத்த வெளிய போட்டுக் கட்டுவா. பார்டரைக் கொசுவத்துக்குள்ள ஒளிச்சுப்போடுவா. நான் அயர்ன் பண்ணிக் குடுப்பேன். எட்டாவதோட நின்ன எனக்கு வேற என்ன வேலை கெடைக்கும்? கதாநாயகி கட்டுன சீலை எந்தக் கடைன்னு ஊர்ப் பொம்பளைங்க கேட்பாங்க. அது போன வாரம் சீரியல்ல மாமியார் கட்டுனதுதான்.

அவிநாசி ரோட்டுல ஒரு மண்டபத்துல விருது. எங்களுக்குக் காலையில, நடிக்கறவங்களுக்குச் சாயங்காலம். என்னையும் அம்மாவையும் நடு வரிசைல, நட்ட நடுவுல உக்கார வெச்சாங்க. காஸ்ட்யூம் புள்ளை ஒண்ணு ஓடி வந்து, "முந்தி நழுவுதுங்க்கா, கேமராவுல நல்லாருக்காது"ன்னு முந்திய சேர்த் துணியோட சேர்த்து ஊசி குத்திப்போட்டு, கூப்புடறப்ப எடுத்து உடறேன்னு போயிருச்சு. நடிக்கறவங்களுக்கு நாங்களே எத்தனையோ தடவ அப்படிக் குத்தியிருக்கறோம். நம்ம முதுகுல குத்தினாத்தான் தெரியுது.

கதவைச் சாத்தினாங்க. லைட்ட அணைச்சாங்க. "நம்மை விட்டுப் பிரிந்த சகோதரி"ன்னு மேடைல ஆரம்பிச்சதும் அம்மா காதுகிட்டக் குனிஞ்சேன்.

"அம்மா, பாத்ரூம் போயிட்டு வாரேன்."

"இப்பவா? புள்ளையக் காட்டப் போறாங்க, சும்மா உக்காரு."

எந்திரிச்சேன். சேரும் கூடவே எந்திரிச்சுது. பொறகால ஒருத்தர், "ஏனுங் அம்மணி, சேரை உட்டுட்டுப் போங்க, சாயங்காலம் நடிகருங்க உக்காரோணும்"ங்கறார். சுத்தியும் சிரிப்பு. மறுபடியும் உக்கோந்துட்டேன். கேமரா என்ற மூஞ்சிக்கு நேரா வந்து நின்னுச்சு. கண்ண இறுக்கி மூடிக்கிட்டேன்.

மியூசிக் ஓடுது. அம்மா என்ற கையச் சொரண்டுச்சு.

"ஏங்கண்ணு, மூஞ்சி எங்க?"

கண்ணத் தொறந்தேன். ஸ்கிரீன்ல கதாநாயகி நிக்கறா. கீழ அக்காவோட முதுகு, கொண்டை, கொசுவம் எடுக்கற கை. அடுத்ததுலயும் கைதான். அவ்வளவுதான், முடிஞ்சுது. எல்லாரும் கை தட்டுனாங்க. இத்தனை நாளு அந்த மூஞ்சிக்குப் பயந்தவ நான். அன்னைக்கு அது இல்லீன்னதும் எனக்குப் பொறுக்கலீங்க.

நிகழ்ச்சிய நடத்தற தம்பி குனிஞ்சுட்டே வந்தாரு. "சிஸ்டர், கண்ண மூடிட்டீங்க. ரியாக்சன் வரலை. மறுக்கா போடறோம். அழுகை வந்தா அடக்காதீங்க."

"ஏனுங் சாமி, மூஞ்சி தெரியறதா ஒண்ணு போடுங்களேன்"னுது அம்மா.

"இருக்கறதே இதாங்மா. எல்லாத்துலயும் குனிஞ்சே இருக்கறாங்க."

மறுக்கா போட்டாங்க. இந்தத் தடவ நான் கண்ணச் சிமிட்டலை. மூலை மூலையாத் தேடினேன். கதாநாயகிக்குப் பொறகால ஒரு நெலைக்கண்ணாடி. கொசுவத்தச் சொருகிப்போட்டு, சரியா வந்துருக்குதான்னு அக்கா ஒருக்கா நிமிர்ந்தா. கண்ணாடி ஓரத்துல அவ மூஞ்சி. ஒதட்டு நடுவுல வரிசையா ஊசி.

"கண்ணாடில பாரும்மா! கண்ணாடில!"

அம்மா பார்த்துருச்சு. "ஊசியக் கடிச்சுட்டு நிக்கறா பாரு, கெரகம் புடிச்சவ. எத்தனை தடவ சொல்றது? முழுங்கிப்போட்டா ஆரு ஆஸ்பத்திரிக்கு ஓடறது?"

செத்தவளப் போயித் திட்டுது. எனக்குச் சிரிப்பும் வந்துது, அழுகையும் பொத்துட்டு வந்துது. அதுக்குள்ள வீடியோ முடிஞ்சுபோச்சு.

"இன்னொருக்கா போடச் சொல்லு அம்மணி."

கையத் தூக்கினேன். "சார், இன்னும் ஒரே ஒருக்கா போடுங்க சார்."

அவரு அங்கிருந்தே கட்டை வெரலக் காட்டினாரு. "வேண்டாங்க சிஸ்டர், ரியாக்சன் சூப்பரா வந்துருச்சு. மேடைக்கு வாங்க."

காஸ்ட்யூம் புள்ளை ஓடி வந்து ஊசியக் கழட்டி உட்டுச்சு. நான் மேடையேறித் திரும்பிப் பார்த்தேன். ஸ்கிரீன்ல ஏதோ சோப்பு வெளம்பரம் ஓடிட்டு இருந்துது. அம்மா என்னையப் பார்க்கலை. அந்த வெளம்பரத்தையே மூலை மூலையாப் பார்த்துட்டு இருந்துது.