இருபதுக்குப் பதில் நாற்பது

அத்தை மக்காச்சோளக் கதிரை நேராகக் கடித்து நான் பார்த்ததில்லை. முதலில் கட்டைவிரல் நகத்தால் வரிசை வரிசையாக மணிகளை அழுத்திப் பார்ப்பாள். உள்ளே மாவு பிடிக்காத மணி என்றால் நகம் புதைந்துவிடும். "இது சொத்தை" என்று ஓரம் வைத்துவிடுவாள். பதினெட்டு வருடம் விதை ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்த்த கை, வீட்டிலும் சும்மா இருக்காது.

ஒரு செடியின் ஆண்பூவிலிருந்து மகரந்தத் தூளைக் காகித உறையில் உதிர்த்து, இன்னொரு செடியின் கதிர்நாரில் கொட்டி மூடுவதுதான் அவள் வேலை. கூடவே வேலை பார்த்தவளை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். இருவருக்கும் ஒரே தண்ணீர் பாட்டில்.

ஓர் அறுவடையில், நெட்டை தூள் போட்ட பாத்தி முழுக்கச் சுருங்கிய மணிகள். அதிகாரி ஒரு கதிரை மேசையில் வீசினார்.

"யாரு போட்டது இது? தூள் போடக்கூடத் தெரியாதா?"

தூள் சரியாக விழாவிட்டால், பல் விழுந்த வாய் மாதிரி கதிரில் இடைவெளி இருக்கும். இங்கே வரிசை நிறைய மணி இருந்தது, உள்ளேதான் சதை இல்லை. அத்தைக்கு அது தெரியும். ஆனாலும் கையை நீட்டினாள். "இவ சார்."

மறுநாளிலிருந்து நெட்டைக்கு வேலை இல்லை.

ஏழு வருடம் கழித்து அதே பண்ணையின் ஆய்வகத்தில் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. அந்தப் பாத்திக்குத் தூள் கொடுத்த ரகத்தின் விதை குளிர் அறையில் மிச்சம் இருந்தது. முளைக்கவைத்து, வேர் நுனியை நசுக்கி மைக்ராஸ்கோப்பில் எண்ணினேன். இருபது குரோமோசோம் இருக்க வேண்டிய இடத்தில் நாற்பது. முளைக்குச் சோறூட்டும் சதை ஒழுங்காக வளர, தாயிடமிருந்து இரண்டு பங்கும் தந்தையிடமிருந்து ஒரு பங்கும் வர வேண்டும். இங்கே தந்தைப் பங்கும் இரண்டாகிவிட்டது. சதை பாதியிலேயே நின்றுவிட்டது. தூள் போட்ட கைக்கு இதில் சம்பந்தமே இல்லை. விதைப் பொட்டலத்தை மாற்றிக் கொடுத்தது அலுவலகம்.

கொண்டுபோய்க் காட்டியதும் அதிகாரி டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: "முடிஞ்ச கதைம்மா. கிளறி யாருக்கு என்ன லாபம்?"

நேராக வீட்டுக்கு வந்தேன்.

"நெட்டை மேல தப்பில்லைன்னு உனக்கு அன்னிக்கே தெரியும்தானே அத்தை?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் அதைச் சொல்லாம அவளைக் கைகாட்டின?"

"சொல்லியிருந்தா ரெண்டு பேரும் வெளிய நின்னிருப்போம். நீ காலேஜுக்குப் போயிருப்பியா? இப்ப வந்துட்டா, பெருசா மைக்ராஸ்கோப்பைத் தூக்கிட்டு."

அவள் சொன்னது உண்மை என்பதாலேயே கோபம் இன்னும் ஏறியது. அதில் எவ்வளவு அவள்மேல், எவ்வளவு என்மேல் என்று பிரிக்கத் தெரியவில்லை.

நெட்டையைத் தேடிப் போனேன். ஒரு தையல்கடையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நாப்பதோ நானூறோ, எனக்கு அதெல்லாம் தெரியாது. உங்க அத்தை வந்து சொல்லட்டும்."

"போறேன், போறேன்" என்றாள் அத்தை. இரண்டு தடவை செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனாள், கழற்றிவிட்டுத் திரும்பினாள். மூன்றாம் மாதம் மாரடைப்பு. நெட்டையிடம் கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேட்காமலே போய்விட்டாள்.