மாமாவை முந்த நான்கு மாடி

மலைக்கு மேலே நான் போய்ச் சேர்ந்தபோது, அக்கா மகனின் மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்துவிட்டிருந்தது. மூன்று வருடம் தொடர்ந்து திருமலையில் குழந்தைக்கு மொட்டை, வீட்டார் நடந்தே ஏறுவது என்பது நைனாவின், என் அப்பாவின், வேண்டுதல். அக்காவும் குழந்தையும் பஸ்ஸில் போயிருந்தார்கள். மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து படியேறியது நைனா, அத்தை மகன், நான். நகரிப் பக்கம் கரும்பு போடும் அத்தை மகனை மாமா என்றுதான் கூப்பிடுவேன். அந்த மாமா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார்.

"வாங்க மேடம்! உனுக்கோசரம் முடிய ஒட்ட வெச்சி, மறுபடியும் அடிக்கச் சொல்லட்டா?"

அக்கம்பக்கம் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத மொட்டைகளெல்லாம் சிரித்தன. நைனாவும் சிரித்தார். அதுதான் சுட்டது. அடுத்த வருடம் இந்த ஆளுக்கு முன்னால் மேலே வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

நேரம்தான் இல்லை. வீடு சித்தூரில், வேலை திருப்பதியில். ஆறரை பஸ் பிடித்தால் திரும்பி வர ராத்திரி எட்டு. ஜிம்மில் சேர்ந்து மூன்றாம் நாளே நின்றேன். மனசும் ஒத்துழைக்கவில்லை. ஆரோக்கியம், அழகு எதுவும் என்னைப் படுக்கையிலிருந்து கிளப்பாது. கோபம் கிளப்பும் என்று ஒரு நாள் தற்செயலாகத் தெரிந்தது. மாமா அந்த வசனத்தைக் குடும்ப வாட்ஸப் குரூப்பிலும் பேசி அனுப்பியிருந்தார். அதையே அலாரமாக வைத்தேன். விடியற்காலை ஐந்துக்கு "வாங்க மேடம்!" என்று அவர் குரல் கேட்டால் யார் படுத்திருப்பார்கள்?

ஆபீஸ் நான்காவது மாடி. லிஃப்டை விட்டேன். காலையில் ஒரு தடவை ஏற்றம். மதியம் டிபன் பாக்ஸைத் திறக்குமுன் மூன்று தடவை ஏறி இறங்குவேன். அதற்குப் பதினைந்து நிமிடம் போதும். ஒவ்வொரு படியிலும் மாமாவின் முகம் இருப்பதாக நினைத்தே மிதித்தேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினேன். கண்டக்டர் என்னையே பார்த்துவிட்டு, காலி சீட்டைக் காட்டி, "சீட்டு காளிகா உந்தி கதம்மா, கூச்சோ" என்றார். உட்காரவில்லை.

அடுத்த வருடம் அலிபிரியில் இறங்கியபோது என் தொடை இரும்பு. நைனா செருப்பைக் கழற்றிப் பையில் போட்டார். மாமாவும் கழற்றினார். நான் குனிந்து என் ஷூவைப் பார்த்தேன்.

சின்ன வயதிலிருந்து தெரிந்த விஷயம். மலைக்கு வெறுங்காலோடுதான் ஏறுவோம். ஒரு வருடம் முழுக்க நான் ஏறிய படிகளிலெல்லாம் தடித்த அடியுள்ள ஷூவோடு ஏறியிருக்கிறேன்!

பாதி வழிக்கு மேல் வரும் காலி கோபுரம் வரை நான்தான் முன்னால். மூச்சு வாங்கவே இல்லை. திரும்பிப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தேன். ஆனால் உள்ளங்காலில் எரிச்சல் தொடங்கிவிட்டிருந்தது. பாதை தார் ரோட்டோரம் போகும் இடத்தில் வெயில் ஏறியிருந்தது. ஒவ்வொரு கல்லும் ஊசி. நிழல் தேடி நொண்டிக்கொண்டிருந்தபோது, நாளெல்லாம் வரப்பில் வெறுங்காலோடு நடக்கும் மாமா, ஈரத் தரையில் போவது போல என்னைத் தாண்டினார்.

"இன்னா மேடம், மூச்சு மட்டும் ஏறிக்கினு கீது, காலு வரலியா?"

"போ மாமா, போ. இன்னும் ஒரு மொட்டை பாக்கி கீது."

"அதுக்காவது பஸ்ல வா!"

மேலே போனபோது இரண்டு பாதத்திலும் கொப்புளம். சந்தனம் மறுபடியும் காய்ந்திருந்தது. அலாரத்தை மாற்றவில்லை.

இப்போது ஷூ என் மேஜைக்கு அடியில் கிடக்கிறது. மதியப் படிகள் வெறுங்காலில். வாட்ச்மேன் "மொக்காம்மா?" என்று கேட்டார். வேண்டுதலா என்கிறார். ஆமாம் என்றேன்; பொய்யில்லை. ஞாயிற்றுக்கிழமை சித்தூர் மொட்டை மாடியில் சிமெண்ட் தரை சூடேறிய பிறகு அரைமணி நேரம் நடக்கிறேன். கொப்புளம் வந்த இடத்தில் தோல் தடித்துவிட்டது. தினமும் தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.

மூன்றாவது மொட்டைக்கு இன்னும் நாலு மாதம். மிச்சம் அந்தத் தார் ரோடு ஒன்றுதான். நாளை மதியம் ஒரு மணிக்கு, தார் போட்ட ஆபீஸ் பார்க்கிங்கில், செருப்பில்லாமல் இரண்டு சுற்று. மாமாவுக்குச் சொல்ல வேண்டிய வசனம் தயார். அவருடையதேதான்.