இருமல் சாரின் கையெழுத்து

அந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவருக்குப் பக்கத்தில் போகிறவர்கள் முதலில் இருமுவார்கள். சத்தமில்லாமல் போய் நின்றால் அவருக்குத் தூக்கிவாரிப் போடும், கைகள் பறக்கும், கணினியில் பதிந்துகொண்டிருந்த வாடிக்கையாளரின் பார்வை அளவு பாழாகும். பிறவியிலேயே மூளை முடக்குவாதம். அறிவில் குறையில்லை, திடுக்கிடுவதில்தான் தாராளம். அதனால் ‘இருமல் சார்’ என்று பேர் விழுந்துவிட்டது. பேரை வைத்ததே அவர்தான்.

மருத்துவமனைப் பிணவறை வாசலில் அன்று யாரும் இருமவில்லை. அம்மாவின் உடலைப் பெற்றுக்கொள்ள, மூத்த மகன் என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும். குமாஸ்தா முத்திரையை மேசைமேல் ஓங்கிக் குத்தினார். இருமல் சாரின் பேனா எங்கோ பறந்தது, படிவம் கிழிந்தது. கூடவே சிரிப்பும் வந்து தொலைத்தது. துக்கம் மிஞ்சினால் அவர் உடம்பு அப்படித்தான் செய்யும்.

“இவருக்கு என்ன சிரிப்பு?” குமாஸ்தா கூட வந்திருந்த தங்கையிடம் கேட்டார். “கைநாட்டு வைக்கச் சொல்லுங்க, போதும்.”

“அண்ணன் அழுதுக்கிட்டிருக்காரு சார்,” என்றாள் அவள்.

“கைநாட்டு... வேணாம்,” என்றார் அவர். இரண்டு சொல்லுக்குள் வியர்த்துவிட்டது.

சின்ன வயதில் ‘இவனுக்குக் கைநாட்டு போதும்’ என்றவர்களிடம் மல்லுக்கு நின்றவள் அம்மா. யாராவது உற்றுப் பார்த்தால் மகனின் கை இறுகிவிடுகிறது என்று கண்டுபிடித்தவளும் அவளே. “நான் பாக்கலப்பா, நீ எழுது,” என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். “முடிச்சிட்டேன், பாரும்மா,” என்று அவர் சொன்ன பிறகுதான் திரும்புவாள். ஒரு பெயரை எழுத நான்கு வருடம் ஆயிற்று. ஒரு மனுஷி எவ்வளவுதான் சுவரைப் பார்ப்பாள்!

குமாஸ்தா புதுப் படிவத்தையும் பேனாவையும் நீட்டி, வைத்த கண் வாங்காமல் பார்த்தார். இருமல் சாரின் விரல்கள் மடங்கிக்கொண்டன.

“உள்ள... போய்... போடறேன்.”

குமாஸ்தா முனகினார், ஆனால் விட்டுவிட்டார். தங்கை அண்ணனின் சக்கர நாற்காலியை உள்ளே தள்ளிப்போய் நிறுத்திவிட்டு, வாசல் பக்கம் திரும்பி நின்றாள்.

இரும்பு மேசையில் வெள்ளைத் துணிக்குள் அம்மா கிடந்தாள். முகம் சுவர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. படிவத்தை மேசை ஓரத்தில் வைத்துக்கொண்டு அவர் காத்திருந்தார். சிரிப்பு மெல்ல அடங்கியது. விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. முழுப்பெயரையும் எழுதினார், கோணல்மாணலாக, ஆனால் கட்டத்துக்குள்ளேயே.

“முடிச்சிட்டேன்... பாரும்மா.”

அம்மா திரும்பவில்லை. அவருக்கு மறுபடியும் சிரிப்பு வந்தது.