ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

எங்கள் ஊர் ஏரியைக் காப்பாற்ற ஆறு பேர் கிளம்பினோம். ஆறு பேருக்கும் ஒரகடம் பக்கத்தில் ஒரே கம்பெனியில் வேலை. நான் தரப் பரிசோதனைப் பிரிவு. அடுத்தவன் செய்ததில் குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவன். ஏரியெல்லாம் எம்மாத்திரம் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கம்பெனிப் பக்கமிருந்து வரும் கால்வாய் ஏரியில் சேரும் மதகருகே கூடுவோம். பாட்டிலில் தண்ணீர் பிடித்து, சோதனைத் தாளை நனைத்து, ஏறிய நிறத்தைக் கலர் அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். கம்பெனி லைனில் எழுதுவது போலவே அட்டவணையில் ‘ஓகே’ என்று எழுதி நான் கையெழுத்துப் போடுவேன். அதைப் படமெடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் பாராட்டு குவியும். பிறகு பிரியாணி.

இரண்டு மாடு வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அக்கா மட்டும் பாராட்டாமல் கேள்வி கேட்பார்.

“இன்னாபா, தண்ணி நல்லா கீதா? மாட்ட வுடலாமா?”

“தாராளமா வுடுக்கா. எல்லாம் ஓகே.”

ஒரு செவ்வாய்க்கிழமை ஏரியில் தண்ணீர் குடித்த அக்காவின் மாடு ஒன்று, மறுநாள் காலை நுரை தள்ளிச் செத்துக் கிடந்தது. அக்கா மனுவோடு தாலுகா ஆபீஸ் போனார். விசாரணைக்கு அங்கே வந்திருந்த எங்கள் கம்பெனி அதிகாரி ஒரு தாளை நீட்டினாராம். எங்கள் அட்டவணைதான். ஊர்க்காரர்களே ஓகே போட்டிருக்கிறார்களே என்று அக்காவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அக்கா நேராக என்னிடம் வந்தார். “ஞாயித்துக்கிழம உங்க கம்பெனி லீவு. அன்னிக்கி கால்வாய்ல இன்னா வரும்? எம்மாடு வாரத்துல ஒரு நாள்தான் தண்ணி குடிக்குமா?”

எங்களுக்கு லீவென்றால் கழிவுக்கும் லீவு. ஆறு பேர் மண்டையில் ஒன்றிலாவது இது உறைத்திருக்க வேண்டும். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

திங்கட்கிழமை வயிற்றுவலி என்று லீவு சொல்லிவிட்டுத் தனியாக மதகுக்குப் போனேன். தாளில் ஏறிய நிறம் எங்கள் கலர் அட்டையிலேயே இல்லை. படமெடுத்து மற்ற ஐவருக்கும் அனுப்பினேன். ஐவரும் பார்த்தார்கள். ஒருவரும் பதில் போடவில்லை.

மிச்சமிருந்த மாட்டின் கயிற்றைப் பிடித்தபடி அக்கா கரையில் நின்றிருந்தார்.

“வுடாதக்கா. தண்ணி கெட்டுப்போய்க் கீது.”

“அத அப்டியே எழுதி கையெழுத்து போட்டுக் குடுப்பா. மனுவோட வெக்கறேன்.”

கையெழுத்துப் போட்டால் செவ்வாய்க்கிழமை கம்பெனி கேட்டில் என்னை உள்ளே விடுவார்களா என்று யோசித்தேன்.

“பேனா இல்லக்கா” என்றேன்.

பேனா என் சட்டைப் பையில் இருந்தது. அக்கா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.